இருபத்திரண்டு படி

அண்ணாச்சி, கோவிச்சுக்கிடாதீங்க, அந்தத் தூணுக்கு அங்கிட்டு கொஞ்சம் நகந்துக்கிடுதியளா? உங்க தல டிவிய மறைக்கு. எந்திரிக்கல்லாம் வேண்டாம், ஒரு சாண் நகந்தாப் போதும். ஆங், அவ்வளவுதான். சத்தத்த அமத்தி வச்சிருக்கானுவ பாருங்க. ஆஸ்பத்திரியாம். பரவாயில்ல, எனக்குச் சத்தம் வேண்டாம், அவன் கால் தெரிஞ்சாப் போதும்.

உங்களுக்கு டோக்கன் என்ன? முப்பத்தொம்பதா. எங்களுக்கு முப்பத்தஞ்சு. இப்பதான் இருபத்தாறு உள்ள போயிருக்கு. இந்த ஓட்டத்துல ஓடுனா லஞ்ச் முடிஞ்சு அவன் பந்து போட வாறதுக்குள்ள நான் வீடு போய்ச் சேர முடியாது. எங்க வீட்ல எக்ஸ்ரேக்குக் கூட்டிட்டுப் போயிருக்காவ. உலகம்மான்னு பேரு. இடுப்பு வலிங்கா. வயசு அம்பது ஆவுதுல்லா, எல்லாருக்கும் வாறதுதான். ஒரு எண்ணெய எழுதிக் குடுப்பாரு, நாலு மாத்திரை குடுப்பாரு, முடிஞ்சுது.

நம்ம பேரு தளவாய். சமாதானபுரத்துல தளவாய் ஒயிண்டிங் ஒர்க்ஸ் பாத்திருப்பிய, மோட்டாருக்குக் காயில் கட்டுத கடை. கிரிக்கெட் பாப்பியளா நீங்க? டி20 பாப்பியளோ. சரி சரி, அதுவும் பாக்கணும்தான். ஆனா டெஸ்டு வேற, அண்ணாச்சி. அங்க ஒருத்தன் யாருன்னு தெரியறதுக்கு அஞ்சு நாள் ஆகும்.

அந்தா, அந்தா, காட்டுதான் பாருங்க. எல்லைக்கோட்டுப் பக்கம் நிக்கான்லா, உயரமா, கழுத்துல கறுப்புக் கயிறு. அவன்தான் நேசன். முழுப் பேரு தேவநேசன், நம்ம சாயர்புரத்துக்காரன். நாலு வருசம் முந்தி தூத்துக்குடியில மேட்ச் வெளையாடிட்டு பஸ் ஸ்டாண்டுல புரோட்டா தின்னுட்டு நின்னவன், இன்னைக்கு ஆஸ்திரேலியாக்காரனுக்குப் பந்து போடுதான். இது அவனுக்கு எட்டாவது டெஸ்டு. முப்பத்திமூணு விக்கெட். நேத்து மத்தியானத்துல இருந்து இன்னைக்கு வர இருபத்தி மூணு ஓவர் போட்டுட்டான், ஒண்ணும் விழல. அங்கதான் எனக்கு இருப்புக் கொள்ளல.

என்ன காரியம்னா, நாங்க மூணு பேரு ஒரு குரூப் வச்சிருக்கோம், போன்ல. நான், மைக்கேல் சார், பீர் பாய். மைக்கேல் சார் பள்ளிக்கூடத்துல பி.டி. வாத்தியாரா இருந்து ஓய்வானவரு. பீர் பாய் மேலப்பாளையத்துல செருப்புக் கடை. அவரு கடையிலயே டிவி உண்டு. காலுக்கு அளவு எடுத்துட்டே மேட்ச் பாப்பாரு, எட்டாம் நம்பர் கேட்டா ஒம்பதாம் நம்பர் எடுத்துக் குடுப்பாரு. இந்த மூணு பேரும் ஏழு மாசமா அடிச்சுக்கிடுதோம், நேசன் உண்மையிலயே டெஸ்ட் பௌலரா இல்லியான்னு.

மைக்கேல் சார் லேசுல ஒத்துக்கிட மாட்டாரு. தென்னாப்பிரிக்காவுல முத மேட்சுலயே நேசன் அஞ்சு விக்கெட் எடுத்தான்லா, அன்னைக்கு நான் கடையில லட்டு வாங்கிக் குடுத்தேன். சார் லட்ட வாய்ல போட்டுட்டுச் சொல்லுதாரு, "வேய் தளவாய், அங்க பிட்ச்சுல புல்லு முழங்கால் அளவுக்கு நிக்கு, நான் போட்டாலும் விழும்." அடுத்து இங்க நியூசிலாந்துக்காரன் வந்தான். அதுலயும் எடுத்தான். "புதுப் பந்துல எடுத்தான்"ங்காரு. அவரு கணக்கு என்னன்னா, மொட்டைப் பிட்ச்சுல, அறுபது ஓவர் தேஞ்ச பழைய பந்துல, நல்லா செட்டாயி நிக்கிறவன எவன் தூக்குதானோ அவன்தான் பௌலர். மத்தவனெல்லாம் சும்மா வேகமா ஓடிவாற பய. இதத்தான் இன்னைக்குப் பாக்கணும். பிட்ச்சு தார் ரோடு மாதிரி கெடக்கு. பந்து அறுபத்தெட்டு ஓவர் பழசு. அந்த இடக்கைக்காரன் நூத்திப் பதினெட்டுல நிக்கான். எல்லாம் சார் கேட்ட மாதிரியே அமைஞ்சிருக்கு, நான் இங்கன பெஞ்சுல உக்காந்திருக்கேன்.

இருபத்தேழு கூப்பிட்டுட்டாங்களா? இன்னும் இல்லியா.

பீர் பாய் அப்படி இல்ல, மனசு போல பேசுவாரு. நேசன் விக்கெட் எடுத்தா "மாஷா அல்லாஹ்"ம்பாரு, நாலு பவுண்டரி போச்சுன்னா "இவன் தேற மாட்டான்"ம்பாரு. ஒரே ஓவர்ல ரெண்டும் சொல்லுவாரு. நான் அப்படி இல்ல. நான் கால் பாக்குத ஆளு.

என் தொழில் அப்படில்லா. மோட்டார் ஓடுத சத்தத்த வாசல்ல நின்னு கேட்டே பேரிங் எந்தப் பக்கம் தேஞ்சிருக்குன்னு சொல்லிருவேன், கழட்டவே வேண்டாம். அதே மாதிரிதான் நேசன் ஓடி வாறதையும் பாப்பேன். பதினேழு ஸ்டெப், அண்ணாச்சி. முத மேட்சுலருந்து எண்ணுதேன். எப்பவும் பதினேழு. நியூசிலாந்துகூட ரெண்டாவது மேட்ச்சு, மூணாவது நாளு, டீ முடிஞ்சு வந்தான் பாருங்க, பதினாறு. நான் சரியா எண்ணலியோன்னு அடுத்த பந்தையும் எண்ணுனேன். பதினாறு. கூடவே எடது கால் குதிய முழுசா ஊணல. ஊணுத மாதிரி ஊணி வெடுக்குன்னு எடுத்துக்கிடுதான். குரூப்ல போட்டேன்: "நேசனுக்கு எடது கணுக்கால்ல வலி இருக்கு, மறைக்கான்." சார் சிரிச்சாரு. டிவியில பேசுத பெரிய பெரிய ஆளுகளுக்கே தெரியல, உமக்குத் தெரிஞ்சுட்டாக்கும்னாரு. நாலு நாள் கழிச்சு பேப்பர்ல வருது, எடது கணுக்கால் வலி, நேசனுக்கு ஒரு மேட்ச் ஓய்வு.

அன்னையிலருந்து குரூப்ல என் பேரு டாக்டர். "டாக்டர், இன்னைக்குப் பய எப்படி இருக்கான்?"னு கேட்டுட்டுத்தான் பீர் பாய் கடையே தொறப்பாரு. பெருமைக்குச் சொல்லல. நாலாயிரம் மைல் தாண்டி ஒருத்தன் ஓடுனாலும் அவனுக்கு எங்க நோவுதுன்னு எனக்குத் தெரிஞ்சு போவும்.

சிரிக்கிய. சரி, இதையும் கேட்டுட்டுச் சிரிங்க.

தென்னாப்பிரிக்கா மேட்சுலதான் அது ஆரம்பிச்சுது. நேசன் எட்டு ஓவரா போடுதான், ஒண்ணும் விழல. எங்க வீட்ல காஞ்ச துணிய எடுக்க மாடிக்குப் போனா. அவ மேல போய்ச் சேரவும் இங்க குச்சி பறக்கு! சரி, தற்செயலுன்னு விட்டுட்டேன். இறங்கி வந்தா, ஆறு ஓவர் ஒண்ணும் இல்ல. வத்தல் காயப் போட்டது ஞாபகம் வந்து மறுபடி ஏறுனா, எல்பி! அம்பயர் விரலத் தூக்கிட்டான். அதுக்கு மேலயும் ஒருத்தன் தற்செயலுன்னு சொன்னா அவன் கிரிக்கெட்டே பாத்ததில்லன்னு அர்த்தம். நீங்களே சொல்லுங்க, மேட்ச் நல்லாப் போகும்போது யாராவது எடத்த மாத்தி உக்காருவாங்களா? மைக்கேல் சார் வெற்றிக்குன்னு ஒரு சட்ட வச்சிருக்காரு, அஞ்சு நாளும் அதே சட்ட, தொவைக்கவே விட மாட்டாரு. பீர் பாய் வலது கால் செருப்பக் கழட்டிட்டுத்தான் பாப்பாரு. ஆளுக்கு ஒண்ணு உண்டு. நமக்கு உலகம்மா.

அதுலருந்து நேசன் பந்தக் கைல எடுத்தா நான் ஒரு சத்தம் குடுப்பேன், "ஏ உலகம்மா, வந்துட்டான்"னு. அவ்வளவுதான், அடுப்பக் கொறச்சு வச்சுட்டு ஏறிருவா. நல்ல மனசு அவளுக்கு. "உங்க நேசனுக்கு நான்தான் சம்பளம் இல்லாத ஆளு"ன்னு சிரிச்சுட்டே போவா. எங்க வீடு பழைய வீடு, படி கொஞ்சம் ஒசரம். இருபத்திரண்டு படி. அவன் விடாம போடுத அந்த ஸ்பெல் முடியுற வரைக்கும் மேல தண்ணித் தொட்டித் திண்டுல உக்காந்திருப்பா. காத்து நல்லா வரும். சில சமயம் ஓவர் முடிஞ்சு கூப்பிட்டாலும் லேசுல எறங்கி வர மாட்டா, அங்கனயே உக்காந்திருப்பா. மேல ஒரு நிம்மதி கெடைக்குதாக்கும்னு நெனச்சுக்கிடுவேன்.

பீர் பாய் மட்டும் ஒருக்கக் கேட்டாரு, "மதினி ஊருக்குப் போயிருந்தப்பவும் நேசன் ரெண்டு விக்கெட் எடுத்தான்லா"ன்னு. நான் போன் போட்டுக் கேட்டேன், அந்நேரம் அவ தங்கச்சி வீட்டு மாடியில பூ பறிச்சுட்டு நின்னிருக்கா! இப்ப குரூப்ல யாரும் ஸ்கோர்கூட கேக்கதில்ல. "மதினி மாடியிலயா?" இதான் கேள்வி.

இந்தா இருபத்தெட்டு போயிட்டு. பரவாயில்ல, வேகமாத்தான் கூப்பிடுதாங்க.

வலின்னு அவ எப்ப சொன்னான்னா... ஒருநாள் சொன்னா. நான் சொன்னேன், இந்த டெஸ்டு முடியட்டும், போவோம்னு. முடிஞ்ச ஒடனே அடுத்தது வந்துட்டுல்லா. அவளும் அப்புறம் கேக்கல, கேட்டாத்தான கூட்டிட்டுப் போக முடியும்? கொஞ்சம் சாஞ்சு சாஞ்சு நடப்பா. அது அவ நடை அப்படி.

நேத்து சாய்ந்தரம் பாருங்க, எனக்கு ஆத்தாமையாப் போச்சு. நாளோட கடைசி ஓவர். இடக்கைக்காரன் தொண்ணூத்தி ஆறுல நிக்கான், நேசன் பதினேழு ஸ்டெப்பும் சரியா எடுத்து வச்சு ஓடி வாறான், நான் சத்தம் குடுத்தேன். போனா. பதினோரு படி ஏறி, பாதியிலயே உக்காந்துட்டா, அண்ணாச்சி! கைப்பிடியப் புடிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டா. சொன்னா நம்ப மாட்டிய, அந்தப் பந்துதான் ஸ்லிப்புல நிக்கவன் கையில போய் விழுந்து நழுவிப் போச்சு. லட்டு மாதிரி கேட்ச்சு. இன்னும் பதினோரு படி ஏறியிருந்தா நேத்தே அவுட்டு. "என்ன உலகம்மா"ன்னு கேட்டேன். கோவமாக் கேக்கல, சும்மாதான் கேட்டேன். காலைல பாத்தா பாயிலருந்து எந்திரிக்க முடியல. பக்கத்து வீட்டுப் பிள்ளைதான் ஆட்டோ கூட்டிட்டு வந்துச்சு. ஆட்டோவுல நான் வெளையாட்டுக்குச் சொல்லிட்டே வந்தேன், இன்னைக்கு நீ ஆஸ்பத்திரியில இருக்க, நேசன் பாடு திண்டாட்டந்தான்னு. அவ வெளிய பாத்துட்டே வந்தா.

என்னயவா? உலகம்மாள் கூட வந்தவங்களா? நான்தான், நான்தான் சிஸ்டர். டோக்கன் இன்னும் வரலியே? எக்ஸ்ரேய பாத்துட்டு டாக்டரே கூப்பிடுதாரா? அண்ணாச்சி, இந்தப் பைய கொஞ்சம் பாத்துக்கிடுங்க. நேசன் வந்தா எத்தன ஸ்டெப்புன்னு எண்ணி வைங்க, வந்து கேக்கேன்.

...

பை இருக்கா. இருக்கு, சரி.

லஞ்ச் முடிஞ்சு ஆரம்பிச்சுட்டானா? சரி. ஓடட்டும்.

சக்கர நாற்காலியில வச்சிருக்காவ. ரத்தம் எடுக்கணுமாம், எடுத்துட்டு இங்கன கொண்டாந்து விடுவாங்களாம். அட்மிசன் போடணுமாம். ஆப்பரேசன், அண்ணாச்சி. இடுப்பு மூட்டுக்குள்ள எலும்பு பந்து மாதிரி இருக்குமாம்லா, டாக்டர் படத்த வெளிச்சத்துல வச்சுக் காட்டுனாரு. ஒரு பக்கம் உருண்டையா இருக்கு. இன்னொரு பக்கம் உரிஞ்சு, நொறுங்கிப் போயி, பழைய பந்து கெணக்கா இருக்கு. எனக்குப் படிப்புக் கெடையாது, ஆனா அதப் பாத்தவொடனே தெரிஞ்சுட்டு. பேரிங் போச்சு. மாத்தணும். வேற வழி இல்ல. ஆரம்பத்துலயே வந்திருந்தா, ஏறாம எறங்காம ஓய்வா வச்சிருந்தா, இவ்வளவு தூரம் வந்திருக்காதுன்னாரு.

சின்ன வயசு டாக்டருதான். கத்தல்லாம் இல்ல, நல்லாத்தான் பேசுனாரு. எந்தக் கால்ல மொதல்ல வலின்னு கேட்டாரு, என்னயப் பாத்துக் கேட்டாரு. நான் பட்டுன்னு சொல்லிட்டேன், எடது கால்னு. அவரு படத்தப் பாக்காரு, என்னயப் பாக்காரு. அது வலது கால், அண்ணாச்சி. எடது கால் நேசனோடது.

அப்புறம் எத்தன நாளா வலின்னாரு. ரெண்டு மூணு வாரமா இருக்கும்னேன். அவ மெதுவாச் சொல்லுதா, "ஏழு மாசம் ஆச்சு சார்"னு. ஏழு மாசம். தென்னாப்பிரிக்கா மேட்ச்சு.

இருங்க, இத யார்ட்டயாவது சொல்லணும். நியூசிலாந்து மேட்ச்சுன்னு சொன்னேம்லா, நேசன் பதினாறு ஸ்டெப் எடுத்தான்னு? அன்னைக்கு அவ காப்பி கொண்டாந்தா. வாசல் நிலையப் புடிச்சுக்கிட்டு நின்னா. வலது காலத் தரையில ஊணல. ஊணுத மாதிரி ஊணி எடுத்துக்கிட்டா. நான் பாத்தேன், அண்ணாச்சி. பாக்கலன்னு சொன்னா அது பொய்யி. நல்லாப் பாத்தேன். பாத்துட்டு, "மறைக்காத, உலகம்மா, நேசன் ஓடி வாறான்"னு சொன்னேன். அப்புறம் இருபத்திரண்டு படி ஏறிப் போனா. அன்னைக்கு நேசனுக்கு ரெண்டு விக்கெட்டு.

அவ நடை அப்படின்னு சொன்னேம்லா உங்ககிட்ட. பொய்யி. கல்யாணமான புதுசுல குடத்தோட அவ நடந்தா நான் பின்னால ஓடணும்.

கடைசியா டாக்டர் கேட்டாரு, "வீட்ல மாடிப்படி ஏறுற வேலை உண்டா? ஒரு நாளைக்கு எத்தன தடவ?" நான் தரையப் பாத்தேன். ஒரு நாளைக்கு நாலு ஸ்பெல்லு, அஞ்சு ஸ்பெல்லு. ஒம்பது மேட்ச்சு... ஒண்ணுல அவன் வெளையாடல, அவன் கணுக்காலுக்கு ஓய்வு குடுத்தாங்கள்லா. அவனுக்கு ஓய்வு குடுத்தாங்க. சொல்லிருவோம், என்ன ஆனாலும் சொல்லிருவோம்னு நான் வாயத் தொறக்கேன், அதுக்குள்ள அவ சொல்லிட்டா. "துணி காயப் போட ஒருக்க, எடுக்க ஒருக்க. வேற ஒண்ணுங் கெடையாது சார்"னு. சொல்லிட்டு என் பக்கம் பாக்கவே இல்ல. அந்த டாக்டர் முன்னால நான் அசிங்கப்படக் கூடாதுன்னு பொய் சொல்லுதா. காட்டிக் குடுத்திருந்தா நல்லாருந்திருக்கும், அண்ணாச்சி. நாலு வார்த்த அவரு திட்டியிருப்பாரு, வாங்கிட்டு வந்திருப்பேன்.

இந்தா வந்துட்டா. மெதுவா, சிஸ்டர், மெதுவா. இங்கன நிப்பாட்டுங்க, என் பக்கத்துல. வலிக்கா, உலகம்மா? தண்ணி குடிக்கியா? இவரு நம்ம கூட உக்காந்திருக்க அண்ணாச்சி, முப்பத்தொம்பதாம் டோக்கன். நல்ல மனுசன். எவ்வளவு நேரமா நான் பேசுததக் கேட்டுட்டு இருக்காரு.

டிவி வேண்டாம். நான் பாக்கல. நீங்க பாருங்க.

யாரு, நேசனா? அவன்தான் போடுதானா? போடட்டும். நீ ஏன் அதச் சொல்லுத, உனக்கு வலிக்கும்போது. பன்னெண்டு... பதிமூணு... எண்ணல, சும்மா வாயில வருது. பதினேழு...

ஐயோ!

அண்ணாச்சி, நடுக்குச்சி! நடுக்குச்சி பறந்து கீப்பர்ட்டப் போயிட்டு! பழைய பந்து! உள்ள திருப்பிட்டான், பாத்தியளா, இடக்கைக்காரன் மட்டய எடுக்கவே இல்ல! சாருக்கு இனிமே பேச்சே கெடையாது! ஏ உலகம்மா, பாத்தியா, நம்ம நேசன்...

மன்னிச்சுக்கிடுங்க சிஸ்டர். சத்தம் போடல. உக்காந்துட்டேன்.

போன் அடிக்கு. குரூப்தான். மைக்கேல் சார் போட்டிருக்காரு, "ஒத்துக்கிட்டேன் வேய், பௌலர்தான்." ஏழு மாசமா இதுக்குத்தான் காத்துக் கெடந்தேன், அண்ணாச்சி. இப்ப வாசிச்சா ஒண்ணும் தோண மாட்டேங்கு. கீழ பீர் பாய். "டாக்டர், மதினி மாடியிலயா?"

இல்ல, ஒண்ணும் இல்ல உலகம்மா. பாய் சும்மா என்னமோ கேக்காரு. நீ பாக்க வேண்டாம். குடு, போனக் குடு.

வாசிச்சுட்டா.

கேட்டியளா என்ன சொல்லுதான்னு? "இல்ல, நான் கீழதான் இருக்கேன்னு எழுதுங்க"ங்கா. சிரிச்ச மாதிரிதான் சொல்லுதா. "நான் ஏறலன்னாலும் விழுது, அதையும் எழுதுங்க"ங்கா.

அண்ணாச்சி, உங்களுக்கு இதுல தமிழ் எழுத வருமா? கண்ண மறைக்கு, எனக்கு எழுத்து ஒண்ணும் தெரிய மாட்டேங்கு. இந்தாங்க போன். அவ சொன்னத அப்படியே எழுதிருங்க.